இரண்டாம் பாகத்தில் அம்மா

எனக்கு இரண்டாம் பாகங்கள் மேல் நம்பிக்கை கிடையாது. முதல் படம் ஓடிவிட்டது என்பதற்காக எடுக்கிற படத்தில், அதில் ஒரு தடவை சொன்ன ஜோக்கை நாலு தடவை சொல்வார்கள். ஒரு லாரியைத் தூக்கியவன் ஒன்பது லாரியைத் தூக்குவான். நன்றாக இருந்துவிட்டுப் போன விருந்தாளி மறுவாரமே பெட்டியோடு வந்து நிற்பது போலத்தான். அப்படிப்பட்ட நான், ஒரு இரண்டாம் பாகத்துக்காக ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, அம்மாவையும் கிளப்பி எங்கள் ஊர் சயனைடு மேட்டுக்கு அழைத்துப் போனேன். எல்லாம் அப்பாவால் வந்தது.

அப்பா போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடுகிறவரை கீழே இறங்கி ஏறியவர். நெஞ்சில் சேர்ந்த தூசி அவரை விடவில்லை. கடைசியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பதினோரு நாளும் அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, அவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, சுடுதண்ணீர் பிடிக்கக் கீழ்த்தளத்துக்குப் போனாள். திரும்பி மேலே வந்தபோது நர்ஸ் போர்வையை இழுத்து அவர் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். யார் மேலும் தப்பில்லை.

ஆனால் அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "சுடுதண்ணி இல்லன்னா செத்தா பூடுவேன்? கீழ போவாம இருந்திருக்கலாம்" என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழம்பு கொதிக்கும்போது சொல்வாள். விடியற்காலையில் பெங்களூரில் வேலைக்குப் போக நான் ரயிலுக்குக் கிளம்பும்போது, டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வாள். கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் அந்த வாக்கியம் என் கூடவே நடந்து வரும். நான் சொன்ன சமாதானம் ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. எனக்குச் சமாதானம் சொல்லவும் அவ்வளவாக வராது. நாலாவது வார்த்தையில் எரிச்சல் வந்துவிடும், குரல் ஏறிவிடும், பிறகு பெங்களூர் போய்ச் சேருகிறவரை ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு ஒரு படம் மட்டும் பிடிக்கும். பறக்கத் தெரிந்து, இறங்கத் தெரியாத ஒருவனைப் பற்றிய படம் அது. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை அவனுக்கு. எப்படியோ சக்தி வந்துவிடுகிறது. ஜிவ்வென்று மேலே போவான், திருடனை நடுவானத்தில் பிடித்து நாலு குத்து விடுவான், கீழே வரும்போது மட்டும் கல்யாணப் பந்தியிலோ சாணிக் குழியிலோ போய் விழுவான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது மாமியார் போன் பண்ணுவார். ஒரு கையால் வில்லனைத் தடுத்துக்கொண்டே, "ஆமாங்க அத்த, சாப்பிட்டேங்க அத்த" என்பான். அப்பா இருந்தபோது இருவரும் என் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். அப்பாவுக்குச் சண்டை பிடிக்கும், அம்மாவுக்கு அவன் விழுவது பிடிக்கும். அடிதடி மட்டும் போடுகிறவனைப் பார்த்தால் அம்மாவுக்கு அலுத்துவிடும். சும்மா சிரிப்புக் காட்டுகிறவனையும் அவள் மதிக்க மாட்டாள். இவன் இரண்டும் செய்கிறானே என்பதுதான் அவள் கட்சி.

அப்பா போன பிறகும் அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். சிரிக்கத்தான் இல்லை. அவன் பந்தியில் விழுந்து சாம்பார் தெறிக்கும் இடத்தில்கூட, மின்சார பில்லைப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அழுதால்கூட ஏதாவது செய்யலாம்.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் பாகம் எங்கள் ஊரிலேயே படமாகப் போகிறது என்று செய்தி வந்தது. சில வருடங்களாகவே எங்கள் சயனைடு மேட்டைத் தேடி சினிமாக்காரர்கள் வருகிறார்கள். சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண் மலை மலையாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அது எங்கள் சோற்றில் வந்து விழும். நாங்கள் திட்டிக்கொண்டே வாழும் இடம், அவர்கள் கேமராவில் வேறு கிரகம் மாதிரி தெரிகிறதாம்.

ஸ்கெலட்டன் குடியிருப்பில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், ஆட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டக் காட்சிக்கு ஆள் சேர்த்தார். வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"அத்த, நீங்களும் வாங்க. சும்மா ஓடுனா போதும்."

"எனக்கு நடிக்கல்லாம் வராதுப்பா."

"நடிக்க வாணாம் அத்த. பூதம் மாதிரி ஒரு மிசினு வருது, எல்லாரும் பயந்துகினு ஓடணும். அவ்ளோதான்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவன் வர்றானா? அந்த ரேசன் கடக்காரன்?" என்று கேட்டாள். வருகிறான் என்றதும் சம்மதித்தாள். எட்டு மாதத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டது அன்றுதான். உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். இந்தப் படத்தில் அவள் முகம் தெரிந்துவிட்டால், அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டால், எங்கள் வீடு பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மங்கலான நிறத்தில் உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா கிளிப்பச்சையில் சிவப்புக் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒலிபெருக்கி வைத்திருந்த உதவி இயக்குநர் பெண், பெங்களூர்ப் பிள்ளை, வேறு சேலை மாற்ற முடியுமா என்று பணிவாகத்தான் கேட்டது.

"அவ்ளோ கும்பல்ல எம்மூஞ்சி யாருக்குத் தெரியும்? பொடவையாச்சும் தெரியட்டும் கண்ணு" என்றாள் அம்மா. அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் மேட்டைப் பார்த்தேன். பச்சைச் சேலை நின்றது.

ஒத்திகை பிரமாதமாக நடந்தது. பூதம் என்று ஒன்றும் அங்கே இல்லை. ஒரு கிரேன் நின்றது. அதன் அடியில் ஒரு இளைஞர் நீளமான கழி நுனியில் சிவப்புப் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பந்துதான் பூதத்தின் கண். மற்றதை எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்களாம். பந்தைப் பார்த்துப் பதற வேண்டும், திரும்பி இந்தப் பக்கம் ஓடி வர வேண்டும். மூன்று தடவை ஓடினோம். மூன்றாவது தடவை அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, பக்கத்து லைன் பெண்ணிடம், "இன்னா நீ, மார்க்கெட்டுக்குப் போற மாதிரி நடந்து வர்றே? பூதம்டி அது" என்று குறை சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினேன்.

பிறகு டேக். புகை போட்டார்கள். மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த எதுவோ பொத்தென்று வெடித்தது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. அடுத்த நொடி சைரன் ஊதியது.

ஒத்திகையில் சைரன் இல்லை. அதுதான் அவர்கள் செய்த தப்பு. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் ஊரில் ஷிப்ட்டுக்கு ஊதுகிற சைரனுக்கு நேரம் உண்டு. அதைக் கேட்டு உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். தரை அதிர்ந்து, நேரம் தப்பி சைரன் ஊதினால் அர்த்தம் ஒன்றுதான். கீழே பாறை வெடித்திருக்கிறது. ஊதிய மறு நிமிடம் லைனில் உள்ள பெண்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆபத்தை விட்டு விலகி ஓடுவது என்ற பழக்கமே எங்களுக்கு இல்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் அந்த ஆபத்துக்குள் இருந்தார்கள். அம்மா அடுப்பை அணைத்து, என்னைப் பக்கத்து வீட்டில் தள்ளிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடுவாள். கேட்டுக்கு வெளியே நின்று, ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வர வர இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்ப்பாள். அப்பா வெளியே வந்ததும் முதல் காரியமாகத் திட்டுவார். "இன்னாத்துக்கு ஓடியார? எனக்கு ஒண்ணும் ஆவாது." திட்டிவிட்டு வழியில் பன் வாங்கிக் கொடுப்பார். அந்த பன்னுக்காக நான் சைரனை எதிர்பார்த்த நாட்களும் உண்டு என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

சயனைடு மேட்டில் சைரன் ஊதியதும் இளவட்டங்கள் எல்லாம் சொன்னபடி இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், திரும்பினார்கள், புகையைப் பார்த்து ஓடினார்கள். முதல் ஆள் என் அம்மா. கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களை இடித்து விலக்கிக்கொண்டு, கேமராவைத் தாண்டி, புகையைத் தாண்டி ஓடினாள். முட்டிவலி என்று ராபர்ட்சன்பேட்டை பஜாருக்கு நடக்க மறுக்கிறவள். நானும் நாலைந்து எட்டு அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். மூளை சொல்வதற்குள் கால் போய்விட்டது.

"கட் மாடி, கட் மாடி" என்று ஒலிபெருக்கி கன்னடத்தில் கத்தியது. அம்மா நிற்கவில்லை. கிரேன் அடியில் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞரிடம் போய்த்தான் நின்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஆளுங்கல்லாம் மேல வந்துட்டாங்களா?"

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சிரித்திருக்கலாம். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கழியைக் கீழே போட்டார், "வந்துட்டாங்கம்மா. எல்லாரும் வந்துட்டாங்க" என்றார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அம்மா சிவப்புப் பந்தைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பின்னால் கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. எங்கள் லைன் பிள்ளைகள்தான் சிரித்தார்கள். சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூட ஓடிய பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் முந்தானையால் அம்மாவுக்கு விசிறினாள். உதவி இயக்குநர் பெண் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அதன் முகம் மாறியது. அடுத்த டேக்கில் சைரன் ஊதவில்லை. அம்மா அதில் ஓடவும் இல்லை, வேன் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏம்மா அங்க ஓடுன?" என்று கேட்டேன்.

"தெரில. காலு ஓடிச்சி."

அன்று இரவு சுடுதண்ணீர்ப் பேச்சை இரண்டு தடவை எடுத்தாள். அதன் பிறகு போனில் அந்தப் படத்தைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். சிரிக்க வைக்கப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு ஆத்திரம். யார் மேல் காட்டுவது? ஆட்டோக்காரரிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். பாவம், அவருக்குக் காரணமே தெரியாது.

படம் அடுத்த வருடம் வந்தது. வெளியான மறுநாளே ரயிலில் என்னோடு வருகிற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, உங்கம்மா சூப்பர்க்கா. தியேட்டர்ல செம விசிலு."

எனக்குப் புரியவில்லை. அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார்களே? போனில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த ஒரு துண்டைக் காட்டினார்கள். கலங்கலாக இருந்தாலும் கிளிப்பச்சை தெரிந்தது. கெட்டுப்போன டேக்கைத்தான் வைத்திருந்தார்கள். ஊரே அந்தப் பக்கம் ஓட, ஒரு கிழவி மட்டும் பூதத்தைப் பார்த்து ஓடுகிறாள். அதைச் சிரிப்பாக ஆக்கியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் அம்மா அன்று யாரைத் தேடி ஓடினாள் என்று இவர்களுக்குத் தெரியுமா? கூட இருந்த பெண்களிடம் சிடுசிடுத்தேன். பங்காருப்பேட்டை தாண்டும்வரை யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவிடம் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் லைனில் எதை மறைக்க முடியும்? ஒரு சுவருக்கு இரண்டு வீடு. சாயங்காலம் நான் வந்தபோது ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போகலாம் என்றாள்.

"வாணாம்மா. கிண்டலா எடுத்துருக்காங்க."

"இன்னா கிண்டலு? நான் பாக்கணும்."

ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் அன்று எங்கள் ஜனங்கள்தான் பாதி. அம்மாவைப் பார்த்து நாலைந்து பேர் வணக்கம் வைத்தார்கள். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். படம் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. இந்தப் பாகத்தில் அவன் இறங்கக் கற்றுக்கொள்ள ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேருகிறான், அங்கேயும் எட்டுப் போடத் தெரியாமல் பெயில் ஆகிறான். சண்டைகள் பெரிதாக இருந்தன. நடுநடுவே மாமியார் வீடியோ கால் செய்தார். நான் ஒன்றிலும் ஒட்டாமல் எங்கள் மண் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது. சாம்பல் நிற மேட்டைப் பிளந்துகொண்டு மூன்று மாடி உயரத்துக்கு இரும்புப் பூதம் எழுந்தது. சைரன் ஊதியது. பக்கத்தில் அம்மாவின் கை இருக்கையின் பிடியை இறுக்கியது. திரையில் கூட்டம் சிதறி ஓடியது, அதற்கு எதிராகப் பச்சைச் சேலை வந்தது. ஒருத்தி மட்டும். கூட ஓடிய மற்ற பெண்களை எப்படியோ அழித்துவிட்டிருந்தார்கள். வானத்தில் மிதந்துகொண்டிருந்த நாயகன் கீழே பார்த்து, "அந்தம்மா எங்க போறாங்க?" என்றான். அம்மா நிற்காமல் ஓடினாள். பூதம் அவளைப் பார்த்தது, தயங்கியது, ஒரு அடி பின்னால் வைத்தது.

தியேட்டர் இடிந்து விழுந்த மாதிரி சத்தம். விசில், கைதட்டல், பின் வரிசையில் யாரோ, "நம்ம லைன் அத்தடா" என்று கத்தினார்கள். எனக்கு அவமானத்தில் முகம் கொதித்தது. எழுந்து போய்விடலாமா என்று அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. முன்னால் குனிந்து, ஊசியில் நூல் கோக்கிறவள் போலத் திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி மாறிய பிறகும் அப்படியே இருந்தாள். பிறகு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து என் கையைத் தொட்டாள்.

"பாத்தியா?"

"இன்னாம்மா?"

"சத்தம் கேட்டதும் எப்டி ஓட்றேன் பாரு. எவ்ளோ பேரு தடுக்கறாங்க. எல்லாரையும் தாண்டிகினு போறேன்."

"ஆமாம்மா."

திரையில் எதுவோ வெடித்துக்கொண்டிருந்தது. அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, யாரிடமோ சாட்சி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரில ஒரு சத்தமும் இல்லியே. ஒரு சத்தம் கேட்டுருந்தா நான் ஓடி வந்திருப்பேன்."

ஒரு வருடத்துக்கு மேலாக, போகாமல் இருந்திருக்கலாம் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்திருப்பேன் என்று அவள் வாயிலிருந்து வருவது அதுவே முதல் தடவை. நான் இத்தனை மாதமாகக் கத்திக் கத்திச் சொல்லிப் புரியவைக்க முடியாததை, கேலிக்காகச் சேர்த்த ஒரு துண்டுப் படம் அவளுக்குச் சொல்லிவிட்டது.

"வந்திருப்பம்மா" என்றேன். "மொத ஆளா வந்திருப்ப. அப்பாவுக்கும் அது தெரியும்."

அம்மா தலையை ஆட்டினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். அதற்குள் திரையில் மாமியார் மறுபடி போன் பண்ண, பூதத்தின் தோளில் தொங்கிக்கொண்டே அவன், "சொல்லுங்க அத்த" என்றான். தியேட்டரோடு சேர்ந்து அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தாள். நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, படம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.